பழைய சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? பெயிண்டை விடுங்கள், பிரேமைப் பாருங்கள்

பழைய இரும்புப் பந்தய சைக்கிள்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், மெலிந்த குழாய்கள் என 1970, 80களில் வந்த வண்டிகளை இளையோர் இணையத்திலும் பசார் காராட்டிலும் தேடிப் பிடிக்கிறார்கள். புதிய கார்பன் சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்க மனம் வராதவர்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால், விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே எந்தப் பழைய இரும்புக்கும் விலை ஏறிவிடுகிறது. 300 வெள்ளிக்கு வாங்கிய வண்டியை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர இன்னொரு 700 வெள்ளி ஆனால், மிச்சம் பிடித்தது எங்கே?

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். டயர், செயின், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் தேயும் பொருள்கள், மாற்றிக்கொள்ளலாம். பிரேம் கெட்டிருந்தால் நீங்கள் வாங்குவது சைக்கிளை அல்ல, உதிரி பாகங்களை. அதனால் பார்வை பிரேமிலிருந்து தொடங்கட்டும்.

அடிபட்ட வண்டியா?

கைப்பிடிக்குக் கீழே, முன்பக்கம் ஒரு குட்டைக் குழாய் நிற்கும். அதிலிருந்து இரண்டு நீண்ட குழாய்கள் பின்னால் போகும். அந்த இணைப்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள், இரு குழாய்களின் அடிப்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சிறு புடைப்போ சுருக்கமோ தட்டுப்பட்டால், வண்டி முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடும்.

அடுத்து, பக்கவாட்டில் நின்று முன் ஃபோர்க்கைப் பாருங்கள். அதன் மேல்பகுதி அந்தக் குட்டைக் குழாயின் நேர்கோட்டிலேயே இறங்க வேண்டும். பின்னோக்கி மடங்கியிருந்தால், அதுவும் மோதலின் அடையாளம்தான்.

பையில் ஒரு நூலும் வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர அச்சு பொருந்தும் ஒரு பக்கத் தகட்டில் நூலைக் கட்டி, முன்பக்கக் குட்டைக் குழாயைச் சுற்றி, மறுபக்கத் தகட்டுக்கு இழுத்துப் பிடியுங்கள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் பிரேம் கோணியிருக்கிறது. இரும்பு என்பதால் கைதேர்ந்தவர் நிமிர்த்திவிடலாம்; அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எந்தத் துரு ஆபத்து?

நம் ஊர் ஈரக் காற்றில் துரு இல்லாத பழைய சைக்கிள் கிடைப்பது அரிது. மேலோட்டமான பழுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். பெயிண்ட் கொப்புளம்போல எழும்பியிருந்தாலோ, இரும்பில் குழி விழுந்திருந்தாலோ யோசியுங்கள். மழைநீர் இருக்கைக் குழாய் வழியாக இறங்கி, மிதிகளின் அச்சு சுழலும் அடிக்குழாயில் தேங்கும். அந்த இடத்தையும், குழாய் இணைப்புகளையும், பின்சக்கரத் தகடுகளையும் கைப்பேசி விளக்கு அடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு ஓடி, அதில் துரு கசிந்திருந்தால் அது விரிசலாக இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் சாலையில் ஓட்டாதீர்கள்.

துருவைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. அலுமினிய இருக்கைத் தண்டு, இரும்புக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். கைப்பிடித் தண்டும் அப்படியே. பணம் கொடுக்கும் முன், இரண்டையும் தளர்த்தி ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். "அது அப்படியேதான் இருக்கும், பரவாயில்லை" என்று விற்பவர் சொன்னால், பரவாயில்லை என்பது அவருக்குத்தான்.

ஸ்டிக்கர் உண்மை பேசுகிறதா?

இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த '531' குழாய், பல ஆண்டுகள் பந்தய சைக்கிள்களின் பெருமையாக இருந்தது. இத்தாலியின் கொலம்பஸ், ஜப்பானின் டாங்கே, இஷிவாட்டா ஆகியவையும் நல்ல பெயர்கள். இவற்றின் உயர்தரக் குழாய்கள் இணைப்பு வரும் முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். எடை குறைவதற்கும், ஓட்டும்போது வண்டி துடிப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஸ்டிக்கரை முழுதாக வாசியுங்கள். மூன்று பெரிய குழாய்கள் மட்டும் 531 என்றிருப்பதும், ஃபோர்க் உட்பட அனைத்தும் 531 என்றிருப்பதும் ஒன்றல்ல. 'ஹை-டென்' என்றிருந்தால் சாதாரண இரும்பு. உழைக்கும், ஆனால் கனமானது. வேலைக்குப் போய்வரப் போதும். சேகரிப்பாளர் விலை கொடுக்கத் தேவையில்லை.

ஸ்டிக்கரைப் புதிதாக அச்சடித்தும் ஒட்டலாம். அதனால் வேறு சாட்சிகளையும் தேடுங்கள். இருக்கைத் தண்டைக் கழற்றினால் அதன் விட்டம் பொறித்திருக்கும். 27.2 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் மெல்லிய, நல்ல குழாய், 25.4 போன்ற சிறிய அளவு என்றால் பெரும்பாலும் தடித்த, மலிவான குழாய். பின்சக்கரத் தகடு கெட்டியாக வார்த்தெடுத்ததுபோல் இருந்து, கியர் மாற்றி மாட்டும் காதும் அதிலேயே சேர்ந்திருந்தால் நல்லது. மெல்லிய தகட்டை மடித்து வைத்ததுபோல் இருந்தால் மலிவு ரகம்.

வயதைக் கணிக்கவும் வழியுண்டு. ஷிமானோ பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்டு: 'ஏ' என்றால் 1976, 'பி' என்றால் 1977, இப்படியே போகும். இரண்டாவது எழுத்து மாதம். 'எம்', 'சி' என்றிருந்தால் 1988 மார்ச். பாகம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று பாகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவைக் கணக்கிடுங்கள்

ஒரு சிறு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு ரிம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் பிரேக் சரியாகப் பிடிக்காது; நம் மாலை மழைக்கு அது ஆபத்து. டயரில் 27 அங்குலம் என்றிருக்கிறதா, 700 சி என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுபோலத் தெரியும்; ஆனால் ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. 27 அங்குல டயருக்குக் கடை கடையாக அலைய நேரலாம். பழைய அலுமினியக் கைப்பிடியில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து, வியர்வை அரித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் மாற்றிவிடுவதே உத்தமம்.

கடைசியாக, வண்டியின் அடிப்பக்கத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். ராவியோ சுரண்டியோ அழித்திருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். கேள்வி கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

இத்தனையும் பார்க்க அரைமணி நேரம் போதும். பிரேம் நேராக இருந்து, தண்டுகள் அசைந்து, உங்கள் உயரத்துக்கும் பொருந்தினால், மாற்ற வேண்டியவற்றின் விலையைத் தாளில் எழுதிக் கூட்டி, அதைக் காட்டிப் பேரம் பேசுங்கள். நல்ல இரும்புப் பிரேம் உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைக்கும் உழைக்கும். மனம் ஒப்பாவிட்டால் தயங்காமல் நடையைக் கட்டுங்கள். அடுத்த வாரமும் யாராவது ஒருவர் ஒரு 'விண்டேஜ்' சைக்கிளை விற்றுக்கொண்டுதான் இருப்பார்.