பவள அரண்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. இன்று நீர்மேல் நிற்பன 19 மட்டுமே. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் கடலுள் மூழ்கின. இதன் காரணம் யாது?

அத்தீவுகளைச் சூழ்ந்து நிற்பன பவளப்பாறைகள். பவளப்பாறை வெறுங்கல் அன்று. சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல்நீரின் சுண்ணத்தைக் கொண்டு கட்டிய இல்லம். அது சீறிவரும் அலையின் வலியைத் தணிக்கும். மீனினம் பெருக இடமளிக்கும். அவ்வரணைச் சுண்ணாம்பிற்காகவும் கட்டடங்களுக்காகவும் மாந்தர் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். அரண் அழிந்தது, அலை நிலத்தை அரித்தது.

'வெட்டியது ஏழையின் பிழைப்பிற்காக அன்றோ?' என்பாரும் உளர். அவ்வேழை பெற்றது அற்றைநாட் கூலி; ஆதாயம் பெற்றவர் பிறர். மீன் குறையுங்கால் முதலிற் பசித்திருப்பவரும் அவ்வேழையரே.

2001-ஆம் ஆண்டில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலைப் பெற்றது. பின்னர் வெட்டுதலும் நின்றது. ஆயினும், 2016-இல் கடல்நீர் மிக வெப்பமுற்றபோது பவளங்கள் வெளிறிப் பல மடிந்தன. உளியைத் தடுத்த சட்டம் வெம்மையைத் தடுக்க வல்லதன்று. புகையையும் கழிவையும் குறைக்கும் மக்களே அதற்கு வல்லவர்.

'திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கடலோடு என்ன தொடர்பு?' என எண்ணற்க. சாத்தனூர் அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை, கடலூரருகே கடலிற் கலக்கின்றது. ஆற்றில் நாம் எறியும் நெகிழிப்பையும் உடன் செல்லும். மாணவர்களே, கடலுக்கு எல்லைக்கல் இல்லை. ஆக்க இயலாத ஒன்றை அழித்தல் அறமாகாது.