ஐந்து கேள்விகள்

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பாமசிக்குள் கொஞ்ச நேரம் நின்றால் எங்கள் ஆட்களின் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் காதில் விழும். அவரவர் கணக்கு அவரவருக்கு மனப்பாடம். மனதின் கணக்கை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வழியுண்டு. உலக சுகாதார நிறுவனம் 1998இல் தந்த ஐந்து கேள்விகள்: கடந்த இரண்டு வாரமாக மனம் சந்தோஷமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பில் உற்சாகம் இருந்ததா, காலையில் களைப்பில்லாமல் எழும்பினீர்களா, பிடித்த காரியங்கள் அன்றாடம் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். 50க்குக் கீழே என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். நோய் என்ற பேச்சே இதில் இல்லை. அதனால் யாரிடமும் கூசாமல் கேட்கலாம்.

எங்கள் மாடியில் தனியே இருக்கும் அன்ரியிடம் கேட்டேன். மகன் ரொறன்ரோவில். கோடையில் அவர் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு எடுத்தால் இங்கே விடிய மூன்றரை. "நித்திரை கிடக்கட்டும் பிள்ளை, அவன்ர குரலைக் கேட்டாத்தான் எனக்கு அண்டைய நாள் தொடங்கும்" என்றார். நாலாவது கேள்விக்கு 0, ஐந்தாவதுக்கு 5. இரண்டும் அந்த ஒரே அழைப்பால். மொத்தம் 44. அந்த இலக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவரின் கதை விளங்காது. ஆனால் கேட்டிராவிட்டால், பக்கத்து வீட்டில் ஒருவர் அந்நேரம் விழித்திருக்கிறார் என்பது எனக்கே தெரிந்திராது.

தனியாளை அளந்தால் மட்டும் போதாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஒரு சமூகமே சேர்ந்து காயப்படுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொட்டாஞ்சேனைக்கு அது புதிதல்ல. 2019 ஏப்ரல் 21 அங்குள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு பூசையை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். அந்த ஒழுங்கைகளில் முன்பே அளந்து வைத்திருந்தால்தானே, மனம் எவ்வளவு இறங்கியது, 2022 பொருளாதார நெருக்கடி அதை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்ல முடியும்?

ஆகவே பிரஷர் பார்க்கும் இடமெல்லாம் இந்த ஐந்தையும் கேட்க வேண்டும், வருடா வருடம். புள்ளி குறைந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தையாவது எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும். மருமகள் பதில் சொல்லும்போது மாமியார் பக்கத்தில் இருக்கக்கூடாது.