மூன்றாவது துரவு



சொந்தத் தொழில் தொடங்கி, முதலீடு கரைந்து சோர்ந்திருப்போரிடம், “இது தேவசித்தமல்ல” என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அது அவசரத் தீர்ப்பு என்பேன்.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வாக்குத்தத்தம் பெற்ற பின்னரே ஈசாக்கின் வேலைக்காரர் கேராரின் பள்ளத்தாக்கில் துரவு வெட்டினர். தண்ணீரும் கிடைத்தது, ஆயினும் கேராரின் மேய்ப்பர் அதற்கு உரிமை கொண்டாடினர். அதற்கு வாக்குவாதம் எனும் பொருளில் ஏசேக்கு என்று பேரிட்டான் ஈசாக்கு. அடுத்ததற்கும் வழக்கு, அதன் பேர் சித்னா, அதாவது பகை. மனக்கசப்பை அவன் மறைக்கவில்லை, அங்கேயே தங்கிவிடவுமில்லை. அப்பால் பெயர்ந்துபோய் வெட்டிய மூன்றாவது துரவுக்கு வழக்கில்லை. அதுவே ரெகொபோத், விசாலமான இடம்.

உங்கள் ஏமாற்றத்தையும் பேர்சொல்லித் தேவனிடம் அறிக்கையிடுங்கள். கணக்கைச் சரிபாருங்கள், தேவையானால் இடத்தை மாற்றுங்கள். மண்வெட்டியை மட்டும் எறிந்துவிடாதிருங்கள். ஆமென்.