சென்ரிமீற்றர் மட்டும் போதுமா?

எண்பதுகளில் டென்மார்க் வந்த எமது முதல் தலைமுறையினர் பலர் இன்று 65 வயதைத் தாண்டிவிட்டனர். சர்க்கரை வியாதி, கொலஸ்ரோல் பற்றி ஒன்றுகூடல்களில் பேசும் நாம், வயிற்றுப் பெருநாடி வீக்கம் பற்றிப் பேசுவதே இல்லை. பெரும்பாலும் வெடிக்கும்வரை அது எந்த அறிகுறியும் காட்டாது. வெடித்தால் பலர் வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன்பே இறந்துவிடுகின்றனர். விஞ்ஞானி ஐன்ஸ்ரைன் 1955இல் இறந்ததும் இதனால்தான்.

எமது ஓகூஸ் அடங்கிய மத்திய யூலன்ட் பிராந்தியத்தில் இதுபற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2008இல் தொடங்கிய அந்த வீபோர்க் ஆய்வில் 65 முதல் 74 வயது வரையான சுமார் 50,000 ஆண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பாதிப்பேர் பெருநாடி, கால் நாடி, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூவருக்கு இந்த வீக்கம் இருந்தது. அழைக்கப்பட்ட பிரிவில் இறப்பு 7 வீதம் குறைந்ததாக 2017இல் முடிவு வெளியானது.

வீக்கம் இருப்பது தெரிந்ததும் எழும் கேள்வி: எப்போது சத்திரசிகிச்சை? பொதுவாக ஆண்களுக்கு 5.5 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 5 சென்ரிமீற்றர் என்பதே எல்லை. ஆனால் அதைவிடச் சிறியதும் சிலவேளை வெடிக்கிறது. பெரியது சிலருக்கு வெடிக்காமலே இருக்கிறது. சத்திரசிகிச்சையிலும் ஆபத்து உண்டு என்பதால் எல்லோருக்கும் செய்துவிடவும் முடியாது.

ஆகவேதான் பொறியியலாளர்கள் கணினியை நாடினர். நோயாளியின் சீ.ரீ. ஸ்கான் படங்களிலிருந்து அவருடைய நாடியின் முப்பரிமாண உருவத்தை அமைத்து, அதை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, இரத்த அழுத்தத்தால் சுவரின் எந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை ஏற்படுகிறது என்று கணிக்கின்றனர். இழுவிசை சுவரின் பலத்தை மிஞ்சும் இடத்தில்தான் வெடிப்பு. ஆனால் உயிரோடிருப்பவரின் நாடிச்சுவர் எவ்வளவு பலமானது என்பதை நேரடியாக அளக்க முடியாது. வயது, பால், வீக்கத்தின் அளவு போன்றவற்றைக் கொண்டு மதிப்பிடவே முடியும். அதனால் இன்றும் வைத்தியர்கள் முதலில் பார்ப்பது சென்ரிமீற்றரைத்தான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆபத்தைக் கணிக்கும் இந்த முயற்சியை நாம் வரவேற்கிறோம். அந்தக் கணக்கில் எம்மவரின் உடலமைப்பும் சேர வேண்டுமானால், ஆய்வுக்கு அழைப்பு வரும்போது நாமும் பங்குபற்ற வேண்டும். டெனிஷ் மொழியில் வரும் கடிதம் விளங்கவில்லை என்று அப்பா ஒதுக்கி வைத்தால், அதை எடுத்து வாசித்துச் சொல்வது பிள்ளைகளின் கடமை.

கணினி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் 65 வயதைத் தாண்டிய, புகைத்த அல்லது புகைக்கும் ஆண் இருந்தால், அல்லது பெற்றோர், சகோதரருக்கு இந்த வீக்கம் இருந்திருந்தால், குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். வலியில்லாத ஒரு சிறு அல்ட்ராசவுண்ட் பரிசோதனையே போதும். வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலியும் மயக்கமும் வந்தால் உடனே 112ஐ அழையுங்கள்.