கம்ப்யூட்டர் உலகில் சூரியன் உங்கள் கையில்!

அழகுக்குப் படம் எடுக்கலாம், ஆளை ஏமாற்றலாமா?

கடற்கரையில் ஒரு பெண் நிற்கிறாள். உச்சிப் பொழுது. தலைக்கு மேலே சூரியன். அவளுக்குப் படம் எடுத்துக்கொள்ள ஆசை. ஆனால், மாலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று விருப்பம்.

அவள் மாலை வரை காத்திருக்கவில்லை. ஒரு பட்டனை அழுத்தினாள். சூரியன் கீழே இறங்கி, கடல் ஓரத்தில் போய் நின்றது! வானம் சிவந்தது. அவள் முகத்தில் பொன் நிற வெளிச்சம் விழுந்தது. படம் எடுத்துக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் நின்றவருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு இன்னும் உச்சிப் பொழுதுதான்!

இது மாயாஜாலக் கதை அல்ல. "செகண்ட் லைப்" என்ற கம்ப்யூட்டர் உலகத்தில் தினமும் நடப்பது.

அது என்ன உலகம்?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் "லிண்டன் லேப்" என்ற கம்பெனி இருக்கிறது. 2003-ம் ஆண்டில் அந்தக் கம்பெனி இந்த உலகத்தைத் திறந்துவிட்டது. "செகண்ட் லைப்" என்றால் "இரண்டாவது வாழ்க்கை" என்று பொருள்.

அதை கம்ப்யூட்டர் திரையில் பார்க்கலாம். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு. அந்த உருவம் நடக்கும்; ஆடும்; பறக்கவும் செய்யும். அங்கே வீடு, தோட்டம், கடை, கடல் எல்லாம் உண்டு. பெரும்பாலானவற்றைச் செய்து வைத்தவர்கள் அங்கே வந்து போகிற மக்களே.

அங்கே சூரியனும் உண்டு, சந்திரனும் உண்டு. வழக்கமாக அந்த உலகத்தில் ஒரு நாள் என்பது 4 மணி நேரம். பகல் 3 மணி நேரம். இரவு 1 மணி நேரம். ஆனால், பிடித்த நேரத்தில் சூரியனை நிறுத்திவைக்க அவரவருக்கு வசதி உண்டு.

வெளிச்சத்துக்கும் விலை

2007-ம் ஆண்டில் "வின்ட்லைட்" என்ற முறையை லிண்டன் லேப் கம்பெனி வேறு ஒரு கம்பெனியிடம் இருந்து வாங்கியது. வானத்தையும் மேகத்தையும் நிஜம் போலக் காட்டும் முறை அது. அதன் பிறகு, படம் எடுப்பவர்களுக்கு யோகம் அடித்தது!

சூரியன் எந்த உயரத்தில் நிற்க வேண்டும்? வெயில் என்ன நிறம்? பனிமூட்டம் எவ்வளவு? மேகம் வேண்டுமா, வேண்டாமா? நிழல் விழும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம்? எல்லாவற்றையும் கூட்டலாம், குறைக்கலாம். அந்த அளவுகளுக்கு ஒரு பெயர் வைத்து, சேமித்து வைக்கலாம்.

2020-ம் ஆண்டில் இந்த முறையைக் கம்பெனி மாற்றி அமைத்தது. அதன்பின், ஒருவர் அமைத்த வெளிச்சம் ஒரு பொருளைப் போல ஆகிவிட்டது. நண்பருக்குக் கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். வெளிச்சத்தை விலைக்கு விற்கும் உலகம் அது!

முகத்தில் ஒரு விளக்கு

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

உச்சி வெயில் முகத்துக்கு ஆகாது. கண்ணுக்குக் கீழே நிழல் விழும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். அழகான முகமும் களைத்த முகமாகத் தெரியும். நிஜ உலகத்தில் போட்டோ பிடிப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கம்ப்யூட்டர் உலகத்திலும் அதே கதைதான்.

முன்பெல்லாம் பலர், தங்கள் உருவத்தின் முகத்துக்கு முன்னே கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதனால் அவர்கள் முகம் பளிச்சென்று இருந்தது. ஆனால், அந்த வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர் மீதும் அடித்தது. "விளக்கை அணையுங்கள்" என்று சண்டை வந்ததும் உண்டு.

சொந்த சூரியன் வந்த பிறகு அந்தத் தொல்லைக்கு அவசியம் இல்லை. ஒருவர் தனக்கென்று மாற்றும் வெளிச்சம் அவர் திரைக்கு மட்டும்தான். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இது பொய்யா?

"இல்லாத வெளிச்சத்தில் படம் எடுப்பது பொய் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

இல்லை. ஸ்டூடியோவில் விளக்கு வைத்துப் படம் எடுப்பது பொய்யா? சினிமாவில் பட்டப்பகலில் எடுத்த காட்சியை இரவு போலக் காட்டுகிறார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. தன் உருவத்தை, தன் வீட்டை, தன் நண்பர்களை ஒருவர் தனக்குப் பிடித்த வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டால், அது அவர் ரசனை. கெட்டிக்காரத்தனம் என்றும் பாராட்டலாம்.

ஆனால், பொருள் விற்கிறவர் அப்படி எடுத்தால்? அங்கேதான் சங்கடம்.

அந்த உலகத்தில் சட்டை, தலைமுடி, உடம்பின் தோல், வீடு எல்லாம் விற்பனைக்கு உண்டு. "லிண்டன் டாலர்" என்பது அங்கே நாணயம். ஓர் அமெரிக்க டாலர் கொடுத்தால் சுமார் 250 லிண்டன் டாலர் கிடைக்கும். ஆகவே, செலவாவது நிஜப் பணம்!

கடைக்குப் போனால் பொருளுக்குப் பதிலாகப் படம்தான் மாட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தங்க நிற வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சாதாரணச் சட்டையும் பட்டுப் போலத் தெரியும். வெள்ளை வெளிச்சத்தை அள்ளிக் கொட்டினால், மாநிறத் தோல் சிவந்த தோலாகத் தெரியும். படத்தில் பார்த்த நிறம் ஒன்று, வாங்கி அணிந்த பிறகு தெரியும் நிறம் வேறு!

மாநிறமான தன் நிறத்திலேயே ஓர் உருவம் வேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்ணுக்கு, எந்தப் படத்தை நம்புவது என்றே தெரியாது. வாங்கிய பிறகு திருப்பிக் கொடுப்பதும் பெரும்பாலும் நடக்காது. பல பொருள்களை வேறு ஒருவருக்குத் தரவும் முடியாது.

வியாபாரிகளின் பதில்

"நாங்கள்தான் மாதிரி கொடுக்கிறோமே!" என்று வியாபாரிகள் சொல்லலாம். உண்மைதான். "டெமோ" என்று ஒரு மாதிரியைப் பல கடைகளில் இலவசமாகத் தருகிறார்கள். போட்டுப் பார்த்து வாங்கலாம். நல்ல வழக்கம் அது.

ஆனால், புதிதாக வருகிறவருக்கு இந்த விவரம் தெரியுமா? அவர் படத்தைப் பார்ப்பார்; மயங்குவார்; பணம் கொடுப்பார். ஏமாறுகிறவர் அவர்தான். தவிர, எல்லாப் பொருளுக்கும் மாதிரி கிடைப்பதும் இல்லை.

இதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவை இல்லை. கடைக்காரர்கள் ஒரு காரியம் செய்தால் போதும். அழகான படம் ஒன்று மாட்டட்டும். பக்கத்திலேயே, சாதாரண நடுப்பகல் வெளிச்சத்தில், எந்தப் பூச்சும் இல்லாமல் எடுத்த படம் ஒன்றும் மாட்டட்டும். எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று கீழே ஒரு வரி எழுதட்டும். சூரியனை நினைத்த இடத்துக்கு நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிஷ வேலை!

வெயிலில் பாருங்கள்

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஜவுளிக் கடையில் சேலை எடுக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கடை விளக்கை நம்புவது இல்லை. சேலையை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் பிரித்துப் பார்க்கிறார்கள். "உள்ளே பச்சையாக இருந்தது, வெளியே நீலமாக இருக்கிறதே!" என்று வேறு சேலை கேட்கிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் அதையே செய்யலாம். மாதிரியை வாங்கி அணிந்து, சூரியனை உச்சியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு மாலையில், பிறகு இரவில். மூன்றிலும் பிடித்திருந்தால் பணம் கொடுக்கலாம்.

படம் எடுக்கிறவர் கையில் இருக்கும் அதே சூரியன்தான், வாங்குகிறவர் கையிலும் இருக்கிறது. அதை நடுப்பகலுக்குத் திருப்பிப் பார்க்காமல் யாரும் பணப்பையைத் திறக்க வேண்டாம்!