மின்னணு யுகத்தின் கைநாட்டு

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுப்பப்பட்ட நகரம் சால்ட் லேக். அதன் ஐந்தாம் செக்டார், இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் வளர்ந்த மென்பொருள் தொழிலின் மையம். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது வளாகமும், 1997இல் தொடங்கப்பட்ட நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்நகரில்தான் உள்ளன. வீட்டுப் பணியாளர்களும் ரிக்‌ஷா தொழிலாளர்களும் வாழும் தத்தாபாத் குடிசைப் பகுதியும் இதே நகருக்குள்தான் இருக்கிறது.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு இ-ஷ்ரம் இணையதளத்தைத் தொடங்கியது. ஆதார், அதனுடன் இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு, ஓடிபி ஆகியவை இன்றி ஒருவர் தாமே அதில் பதிவு செய்ய முடியாது. கைபேசி எண் மாறிப்போன பெண் தொழிலாளியின் உரிமை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அன்று பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றறியாமல் உழைப்பாளி கைநாட்டு வைத்தார். இன்று எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்றறியாமல் ஓடிபியை அடுத்தவரிடம் சொல்கிறார். இது புதிய கைநாட்டு.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் 16.5 சதவீதம் மட்டுமே. ஆறு கோடிக் கிராமப்புறக் குடும்பங்களில் தலா ஒருவருக்குப் பயிற்சி அளிப்பதாக 2017இல் தொடங்கிய பிரதமரின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2024 மார்ச்சுடன் முடிந்துவிட்டது. நகரத்துக் குடிசைவாசி அதன் கணக்கிலேயே வரவில்லை.

மாணவர்களுக்கும் இந்த எழுத்தறிவு தேவைப்படுகிறது. செயலிகளை லாவகமாகக் கையாளும் இளைஞர்களில் பலர், அவை எந்தத் தகவலை, யாருக்காகத் திரட்டுகின்றன என்று கேட்டதில்லை. ஒரு தொழிலாளியின் அருகில் அமர்ந்து அவரது விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்தக் கேள்வி தானாக எழுகிறது. விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது, யாரிடம் முறையிடுவது என்று தேடும் மாணவர், அரசும் தொழில்நுட்பமும் இயங்கும் விதத்தைக் கற்கிறார். கற்பிப்பவரும் கற்பவரும் இடம் மாறும் கல்வி இது.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மேற்கு வங்கத்தின் பர்த்வான் அதைப் பின்தொடர்ந்தது. தமிழகத்தின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களை மிதிவண்டி ஓட்டவும் வைத்தது. 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்த கேரளம், 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தது. மாணவர்களும் குடும்பஸ்ரீ பெண்களும் உள்ளாட்சிகளோடு கைகோத்ததால் அது கைகூடியது.

சமூக ஈடுபாட்டை இரண்டு கிரெடிட் பாடமாக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டியது. புகைப்படத்துக்கான ஒருநாள் முகாமாக அது சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அரசு நியமிக்க வேண்டிய ஊழியரின் இடத்தில் ஊதியமற்ற மாணவரை அமர்த்தும் ஆபத்து அதனினும் பெரிது. ஆகவே மூன்று கோரிக்கைகள் முன்வைக்கப்பட வேண்டும்: பாடத்திட்டத்தை வகுப்பதில் வீட்டுப் பணியாளர் சங்கங்களுக்கு இடம், உதவி மையங்களில் நிரந்தர ஊழியர், இணையம் இன்றியும் விண்ணப்பிக்கும் உரிமை.

1960களில் இதே கொல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணிப்பொறி நிறுவப்படுவதை எதிர்த்துப் போராடினர். இயந்திரத்தால் பயனடைவது யார், வேலை இழப்பது யார் என்பதே அன்றைய கேள்வி. கணிப்பொறி வந்துவிட்டது, கேள்வி இன்னும் தீரவில்லை. அதைத் தத்தாபாத்தின் சந்துகளுக்கும், சென்னையின் கண்ணகி நகருக்கும் எடுத்துச் செல்வது மாணவர், மாதர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்களின் உடனடிக் கடமை.