கடையை மாற்றினால் பூச்சி சாகுமா?

கேள்வி: பருத்தியில் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் அடித்தும் அடங்கவில்லை. வேறு கடையில் அசிட்டாமிபிரிட் கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. பூச்சியின் நரம்பையே ஆய்வகத்தில் வளர்த்து மருந்தைச் சோதிக்கிறார்களாமே, பிறகும் ஏன் இப்படி?
- பருத்தி விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: வளர்ப்பது உண்மைதான். 1969-லேயே கரப்பான்பூச்சிக் கருவின் நரம்புத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள் சென், ரீட்டா லெவி-மொந்தால்சினி என்ற இருவர். ரீட்டா, வேறொரு கண்டுபிடிப்புக்காக 1986-ல் நோபல் பரிசு பெற்றவர்.

நரம்பு செல் விதைநெல் போலப் பெருகாது. ஒவ்வொரு முறையும் புது முட்டைக்கூட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து, கருவின் மூளையை எடுத்து, செல்களைப் பிரித்து, சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலமும் கலந்த நீரில் விட வேண்டும். கைபடாத சுத்தம் தேவை. பூசணம் விழுந்தால் அவ்வளவும் போச்சு. காளான் விதைப் புட்டியில் பச்சைப் பூசணம் விழுந்த கதைதான். தப்பிப் பிழைத்த செல்கள் சில நாட்களில் வேர் விடுவது போல இழை விட்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின் மேல் பொருத்தி, மருந்தைத் துளியாக விட்டு, மின்னோட்டத்தை அளப்பார்கள்.

இமிடாகுளோபிரிட் செய்வது அதில் நன்றாகத் தெரியும். நரம்புச் செய்தியை வாங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எளிதில் நகராது. நரம்பு ஓயாமல் துடித்துக் களைத்துப்போகும். அசிட்டாமிபிரிட், தயாமீத்தாக்சம் உட்காருவதும் அதே இடத்தில்தான். டப்பாவும் விலையும் மாறியதே தவிர, வாசகர் இரண்டு முறையும் ஒரே கதவைத்தான் தட்டியிருக்கிறார். அந்த இடமே உருமாறிவிட்ட பூச்சிக்கு இந்தக் குடும்பம் முழுவதும் பலிக்காமல் போகலாம்.

தட்டில் இருப்பது நரம்பு மட்டும். வயலில் இருப்பது முழுப் பூச்சி. விஷம் நரம்புக்குப் போகும் முன்பே உடலுக்குள் சிதைத்துவிடும் பூச்சிகள் உண்டு. தட்டு அதைக் காட்டாது.

அடுத்து வாங்கும்போது கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். ஃபுளோனிகமிட் வேலை செய்யும் விதம் வேறு. அளவை வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். அடித்த இரண்டு டப்பாக்களின் பெயரையும் அவரிடம் சொல்லுங்கள். யூரியாவை அளவுக்கு மேல் போடாமல் இருந்தால் தத்துப்பூச்சி ஓரளவு மட்டுப்படும்.

தேனீயின் நரம்பிலும் இமிடாகுளோபிரிட் உட்காரும் அதே இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்தவெளி வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது இதனால்தான். பூ இருக்கும்போது காலையில் தெளிப்பதைத் தவிருங்கள்.